காக்கர் ஸ்பானியல் வளர்ப்பு: குட்டி வீட்டுக்கு வரும் நாள் முதல் முழு வளர்ச்சி வரை

ஸ்பானியல் வாங்கலாமா என்று கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த நீளக் காதையும் ஏக்கம் சொட்டும் கண்ணையும் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் காதுதான் அடுத்த பன்னிரண்டு, பதினான்கு வருடங்களுக்கு வாரா வாரம் உங்களுக்கு வேலை வைக்கப் போகிறது. அதற்கு அடுத்தபடி ரோமம். இந்த நாயின் பராமரிப்பில் பெரும்பகுதி கையால் செய்கிற வேலை: தூக்கிப் பார்ப்பது, துடைப்பது, சீவுவது, வெட்டுவது. அதற்கெல்லாம் நாய் உடம்பைக் கொடுக்க வேண்டும். குட்டியாக இருக்கும் முதல் நான்கு மாதத்தில் அதைப் பழக்கிவிட்டால் மிச்ச வருடங்கள் சுலபமாக ஓடும். விட்டுவிட்டால் ஒவ்வொரு முறை காது துடைக்கும்போதும் இருவர் பிடிக்க, ஒருவர் கடி வாங்க வேண்டியிருக்கும். கீழே எதைப் பற்றிச் சொன்னாலும் பேச்சு இங்கேதான் திரும்பி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானியல் என்பது ஒரே இனமில்லை, பெரிய குடும்பம். ஸ்பிரிங்கர் பெரியது, ஓடித் தீராத நாய். காவலியர் கிங் சார்லஸ் சின்னது, மடியில் உட்காரும் ரகம், இதய வால்வு நோய்க்குப் பேர்போனது. நம் ஊர்களில் அதிகம் பார்ப்பது காக்கர். அதிலும் இங்கிலீஷ் காக்கர், அமெரிக்கன் காக்கர் என்று இரண்டு உண்டு. அமெரிக்கன் கொஞ்சம் சிறியது, உருண்டைத் தலை, குட்டை மூக்கு, தரையைத் தொடும் ரோமம். இங்கிலீஷ் காக்கருக்கு மூக்கு நீளம், ரோமம் குறைவு. நம் வெயிலுக்கு எதை வாங்குவது என்று என்னைக் கேட்டால் இங்கிலீஷ் காக்கர் என்றுதான் சொல்வேன். இந்த வழிகாட்டியும் அதை மனதில் வைத்துத்தான், சென்னை மாதிரி ஊரில், ஃபிளாட்டிலோ தனி வீட்டிலோ வளர்ப்பவர்களுக்காக.

வாங்குவதற்கு முன்

இங்கிலாந்தில் புதருக்குள் பதுங்கியிருக்கும் உட்காக் பறவையைக் கிளப்பிவிட வளர்க்கப்பட்ட வேட்டை நாய் இது. மூக்கைத் தரையில் வைத்து, வாலை ஆட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்குமாகத் தேடும். சுட்டு விழுந்த பறவையை வாயில் கவ்விக் கொண்டுவரும். மனிதனிடமிருந்து அதிக தூரம் போகாமல், அவன் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். வீட்டில் இது காட்டும் குணங்கள் எல்லாம் இந்தத் தொழிலிலிருந்து வந்தவை. செருப்பைத் தூக்கிக்கொண்டு திரிவதும், பாத்ரூம் வாசல்வரை பின்னாலேயே வருவதும் அப்படித்தான். நாள் முழுக்கத் தனியாகப் பூட்டி வைக்கப்படும் வீட்டுக்கு இது ஏற்ற நாய் அல்ல. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

வளர்ந்த இங்கிலீஷ் காக்கர் தோள் உயரத்தில் 38 முதல் 41 செ.மீ., எடை ஏறத்தாழ 13 முதல் 15 கிலோ.

8 வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி இந்தியாவில் 8 வாரத்துக்குள் விற்கவும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். 35 நாளில் பிரித்தெடுத்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் விரலில் கற்கும்.

போய்ப் பார்க்கும்போது தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். தாயின் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். உள்ளே சிவந்து, தடித்து, நாற்றமடித்தால் அந்த வாரிசும் காதோடு மல்லுக்கட்டப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். புது ஆளைக் கண்டு தாய் பதுங்குகிறதா, உறுமுகிறதா என்பதையும் கவனியுங்கள், சுபாவம் நிறையவே இறங்கி வரும். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ் பரம்பரையைச் சொல்லுமே தவிர ஆரோக்கியத்தைச் சொல்லாது. காக்கர்களில் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் பிஆர்ஏ என்ற நோயும், இரண்டு வயதுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் ஒரு பரம்பரை நோயும் உண்டு. இரண்டையும் மரபணுப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பெற்றோருக்கு எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். "வால் வெட்டினால்தான் ஒரிஜினல்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆட்டுவதற்குத்தான் வால் இருக்கிறது, இந்த நாய்க்கு அது நாளெல்லாம் வேலை செய்யும் உறுப்பு.

முதல் வாரம்

வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை. அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் தட்டு இரண்டு, சாப்பாட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. குனியும்போது காது வெளியே தொங்கினால் உணவிலும் தண்ணீரிலும் நனையாது. ஸ்பானியல் கிண்ணம் என்றே கடைகளில் கிடைக்கும். அப்புறம் எஃகுச் சீப்பு, மென்மையான ஸ்லிக்கர் பிரஷ், நகவெட்டி, மார்போடு கட்டும் ஹார்னஸ், கடிக்க ரப்பர் பொம்மைகள், படுக்க ஒரு கூண்டு அல்லது தடுப்பு வைத்த மூலை. கூண்டு என்றதும் பாவம் என்று நினைக்க வேண்டாம். கதவு திறந்தே இருக்க, உள்ளே மெத்தையும் தின்பண்டமும் வைத்தால் அது தானாகவே போய்ப் படுக்கும்.

முதல் சில நாட்களுக்கு, விற்றவர் என்ன உணவு கொடுத்தாரோ அதையே கொடுங்கள். மாற்றுவதென்றால் பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். இடம் மாறிய அலைச்சலோடு உணவும் மாறினால் வயிற்றுப்போக்கு உறுதி. முதல் இரவுகளில் அழும். தனி அறையில் அடைத்து "அழுது பழகட்டும்" என்று விடும் பழைய முறையில் எனக்கு உடன்பாடில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கூண்டை வைத்து, கையைத் தொங்கவிட்டால் தூங்கிவிடும். பிறகு இரவுக்கு இரவு கூண்டை விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம்.

வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போடும் நாளாக இல்லாமல் வெறும் பரிசோதனையாக இருந்தால் இன்னும் நல்லது. டாக்டர் மேசை என்றாலே வலி என்ற நினைப்பு வராமல் இருக்கும்.

தடுப்பூசியும் பூச்சி மருந்தும்

டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, லெப்டோஸ்பைரோசிஸ் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் தொடர வேண்டும். கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழுவது முக்கியம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் மிச்சமிருக்கும் வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 12 வாரத்தோடு முடிந்துவிட்டது என்று அட்டையில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அடுத்த டோஸை டாக்டர் சொல்லும் நாளில் போட்டு, பிறகு வருடா வருடம். சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் எடுக்க இந்தச் சான்று வேண்டும்.

குடற்புழு மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. அளவு எடையைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் கொடுங்கள்.

ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்கி நடத்த வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் அதற்காக வீட்டிலேயே பூட்டி வைப்பதும் தவறு. 3 வாரம் முதல் 14 வாரம் வரைதான் குட்டியின் மனம் புதியவற்றை "இதெல்லாம் சகஜம்" என்று ஏற்கும் காலம். கையில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், ஹெல்மெட் போட்டவர், குடை விரிப்பவர், மீசைக்காரர், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், கோயில் மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்க்கட்டும், கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி கோழிக்கறி. தீபாவளிப் பட்டாசுக்கும் இதே முறைதான்: மாதங்களுக்கு முன்பே ஃபோனில் வெடிச்சத்தத்தை மெல்லிய ஒலியில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பழக்குங்கள்.

நேற்று வரை நன்றாகத் தின்றுகொண்டிருந்த குட்டி திடீரென்று சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல், வாந்தியும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பார்வோவில் நீர்ச்சத்து வற்றும் வேகம் பயங்கரமானது, அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

உடம்பைத் தொடவிடும் பழக்கம்

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். வந்த இரண்டாம் நாளே தொடங்குங்கள். குட்டி நன்றாக விளையாடிக் களைத்து, அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் நல்லது. தரையில் உட்கார்ந்து பக்கத்தில் படுக்கவையுங்கள். காது மடலை விரலால் தொட்டதும் உடனே ஒரு துணுக்குத் தின்பண்டம். தொட்டது முதலில், தின்பண்டம் அடுத்து. வரிசை மாறினால் அது லஞ்சமாகிவிடும், குட்டியும் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் மடலைத் தூக்கலாம், பிறகு உள்ளே பார்க்கலாம், பிறகு காய்ந்த பஞ்சால் துடைக்கலாம், பிறகுதான் ஈரப் பஞ்சு. ஒரு படியில் தலையை இழுத்துக்கொண்டால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அவசரமில்லை.

இதே மாதிரி பாதம். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்தை அழுத்தி, நகவெட்டியால் தட்டி, ஒரு நாள் ஒரே ஒரு நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். நகத்துக்குள் ரத்த நாளம் ஓடும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது, ஆகவே சும்மா சீவுகிற மாதிரி வெட்டுங்கள். வாயைத் திறந்து பல்லைத் தொடுவது, வாலைத் தூக்குவது, வயிற்றடியில் சீப்பு ஓட்டுவது, கண் ஓரம் துடைப்பது எல்லாம் பழக வேண்டும். க்ளிப்பர் மெஷினை முதலில் தூரத்தில் ஓடவிட்டுச் சாப்பாடு போடுங்கள். பிறகு அது ஓடும்போதே மெஷினின் பின்பக்கத்தைக் குட்டியின் முதுகில் வைத்து அதிர்வைக் காட்டுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் தினமும். வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும், இல்லையென்றால் அம்மாவிடம் மட்டும் சமர்த்தாக இருக்கும் நாய் உருவாகும்.

மலஜலப் பழக்கம்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், விளையாட்டு முடிந்ததும் வெளியே கொண்டுபோங்கள். இந்த மூன்று நேரத்தைத் தவறவிடாவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மாதம் எத்தனையோ அதோடு ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு: 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். ஃபிளாட்டில் இருப்பவர்கள் பால்கனியில் ஒரு மூலையில் செய்தித்தாள் விரித்துத் தொடங்கலாம். ஆனால் ஊசிகள் முடிந்ததும் கீழே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வளர்ந்த பிறகும் வாக்கிங் முடித்து வீட்டுக்கு வந்து பேப்பரைத் தேடும்.

வீட்டுக்குள் போய்விட்டால் திட்டுவது, மூக்கைத் தேய்ப்பது எல்லாம் வீண். உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் கற்றுக்கொள்ளும். வாடையை உடைக்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையை நக்கினால் குட்டிக்கு ஆபத்து. சில காக்கர் குட்டிகள் உங்களைக் கண்ட சந்தோஷத்திலும் பணிவிலும் நின்ற இடத்திலேயே கொஞ்சம் விட்டுவிடும். அது பழக்கக் கோளாறு அல்ல. குனிந்து மேலே கவியாமல், கீழே உட்கார்ந்து அமைதியாகப் பேசுங்கள். வளர வளரப் போய்விடும்.

சாப்பாடு

3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3, பிறகு 2. குட்டிகளுக்கான நல்ல டிரை ஃபுட் சுலபமான வழி. வீட்டுச் சாப்பாடு கொடுக்கக்கூடாதா என்றால் கொடுக்கலாம், ஆனால் தயிர்சாதமும் பால்சாதமும் சாப்பாடல்ல. வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சாதம், கேரட், பூசணி என்று போட்டாலும் வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாது. எலும்பு வலுவிழந்து கால் வளையும். வீட்டில் சமைப்பதென்றால் டாக்டரிடம் கேட்டு அளவோடு கால்சியமும் வைட்டமினும் சேருங்கள். கடைத் தீனி மட்டும் தருபவர்கள் தனியாகக் கால்சியம் கொடுக்க வேண்டாம், அதிகமானாலும் கெடுதல்தான்.

வெங்காயம், பூண்டு சிவப்பணுக்களை அழிக்கும். அதனால் சாம்பார், குழம்பு ஊற்றிய சாதம் கிடையாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும். பாயசம், கேசரி, பண்டிகை நாளில் தாத்தா பாட்டி ஆசையாக ஊட்டும் ஒரு ஸ்பூன் எல்லாம் இதில் அடக்கம். சாக்லேட், சைலிடால் இனிப்பு சேர்த்த பொருள்கள், வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. நமக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும்தான்.

காக்கர் எப்போது பார்த்தாலும் பட்டினி கிடந்த முகத்தோடு உங்களைப் பார்க்கும். நம்பாதீர்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, லேசாகத் தடவினால் விரலுக்குத் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டத்தை அன்றைய சாப்பாட்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

காது

நாயின் காதுக் குழாய் நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கித் திரும்பும். காக்கருக்கு அதன் மேல் கனத்த மடல் மூடிக்கிடக்கிறது, உள்ளே ரோமம், மெழுகு சுரப்பிகளும் அதிகம். காற்று புகாத, சூடான, ஈரமான இடம். சென்னையின் புழுக்கத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

வாரம் ஒருமுறை, அத்துடன் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும், இப்படிச் செய்யுங்கள். நாயை உங்கள் கால்களுக்கு நடுவே, முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். காது மடலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் குழாய் கொஞ்சம் நேராகும். டாக்டர் தந்த காது சுத்திகரிப்புத் திரவத்தைக் குழாய் நிரம்பும் அளவுக்கு ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த சில்லென்ற திரவமாக இருந்தால் அடுத்த முறை பாட்டிலைக் கண்டதும் ஓடும். பாட்டில் முனை தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடலை விட்டுவிட்டு, காதின் அடியில் தாடைக்குப் பின்னால் விரலை வைத்தால் ஒரு கெட்டியான குழாய் தட்டுப்படும். அதை அரை நிமிடம் பிசையுங்கள். உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும், கேட்டால்தான் திரவம் அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் விலகி நில்லுங்கள், தலையை உதறும். சுவரெல்லாம் தெறிக்கும், ஆகவே பாத்ரூமில் செய்வது உத்தமம். உதறி முடித்ததும் பஞ்சை விரலில் சுற்றி, விரல் போகும் ஆழம் வரை மட்டும் துடையுங்கள். காட்டன் பட்ஸ் வேண்டாம், அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும். கடைசியில் காய்ந்த பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஒரு துண்டு கோழியைக் கொடுத்து அனுப்புங்கள்.

தேங்காய் எண்ணெய் ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஈரத்தையும் அழுக்கையும் உள்ளேயே பிடித்து வைக்கும், வேண்டாம். தினமும் கழுவுவதும் கெடுதல், தோல் ஊறிப் போகும்.

ஆரோக்கியமான காதுக்கு வாடையே இருக்காது. புளித்த மாவு போல வாடை, காப்பிப்பொடி நிறத்தில் பிசுக்கு, ஓயாமல் தலை உதறல், ஒரு பக்கமாகத் தலை சாய்ப்பது, தொட்டால் முனகுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டில் கழுவ வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும். டாக்டர் உள்ளே பார்த்து, அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று சொன்ன பிறகுதான் மருந்து. போன தடவை மிச்சமிருந்த சொட்டு மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் நோய் காதில் இல்லை, பெரும்பாலும் ஒவ்வாமையில் இருக்கிறது. உணவா, தூசியா என்று கண்டுபிடிக்காமல் காதுக்கு மட்டும் மருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் வருடங்கள் ஓடி, குழாய் தடித்து மூடி, காதுக் குழாயையே அறுவை செய்து எடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும். காக்கர்களுக்கு அந்த அறுவை அரிதல்ல.

இரண்டு சின்ன வேலைகள் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும். மடலின் மேல் மூன்றில் ஒரு பங்கு ரோமத்தை, உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒட்ட வெட்டிவிடுங்கள், காற்று போகும். சாப்பிடும்போது பழைய சாக்ஸின் நுனியை வெட்டி, குழாய் மாதிரி தலையில் மாட்டிவிடுங்கள், தளர்வாக. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், காது சுத்தமாக இருக்கும்.

ரோமம்

குட்டி ரோமம் மென்மையானது, பெரிய வேலை இல்லை. ஆனால் அப்போதே தினமும் சீவிப் பழக்க வேண்டும். 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெரிய ரோமம் வந்து காதிலும் காலிலும் வயிற்றடியிலும் நீளமாகத் தொங்கத் தொடங்கும். மேலோட்டமாக பிரஷ் ஓட்டினால் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு கட்டும். ரோமத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, தோல் தெரியும் இடத்திலிருந்து எஃகுச் சீப்பால் வெளிநோக்கிச் சீவுங்கள். காதுக்குப் பின்னால், அக்குளில், ஹார்னஸ் உரசும் இடத்தில்தான் முடிச்சு விழும். விழுந்த முடிச்சை முதலில் விரலால் பிரியுங்கள். கத்தரியைத் தோலை ஒட்டி நுழைக்க வேண்டாம்.

குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், நாய் ஷாம்பூவில். முடிச்சைப் பிரிக்காமல் நனைத்தால் அது இறுகிக் கெட்டிப்படும், ஆகவே முதலில் சீவல், பிறகு தண்ணீர். குளித்தபின் வேர் வரை காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாக்கிங் போய் வந்து ஈரத்தோடே படுத்தால் ஒரே இரவில் தோல் சிவந்து நீர் வடியும் புண் வந்துவிடும். குறைந்த சூட்டில் டிரையர் போட்டு, வயிற்றடியையும் விரலிடுக்கையும் மறக்காமல் உலர்த்துங்கள். பாதத்தின் அடிப்பட்டைகளுக்கு நடுவே வளரும் ரோமத்தை மாதம் ஒருமுறை வெட்டுங்கள். சேறும் உண்ணியும் ஒளியும் இடம் அது.

வெயிலுக்கு மொட்டை அடிக்கலாமா? இந்தக் கேள்வி வருடா வருடம் சித்திரையில் வரும். வயிற்றடி, கால், காது மேல்பகுதி ஆகியவற்றைக் குட்டையாக வெட்டுங்கள், முதுகின் வழவழப்பான ரோமத்தைத் தோல் தெரியும் அளவுக்கு மழிக்காதீர்கள். வெயில் நேரே தோலில் படும், திரும்ப வளரும்போது பஞ்சு மாதிரி சுருண்டு இன்னும் சிக்கு கட்டும். கருத்தடை செய்த காக்கர்களுக்கு ரோமம் எப்படியும் பஞ்சுத்தன்மை கொள்ளும், அவற்றை மாதம் ஒருமுறை க்ரூமரிடம் காட்டுவது தேவலை.

உண்ணி

நம் ஊரில் நாய்களைச் சாகடிப்பதில் முன்வரிசையில் இருப்பது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளையும் சுமப்பது உண்ணிகளே. காய்ச்சல், பசியின்மை, வெளிறிய ஈறு, காப்பி நிறச் சிறுநீர், மூக்கில் ரத்தம் என்று காட்டும். சில நேரம் "கொஞ்சம் டல்லாக இருக்கிறது" என்பதோடு சரி. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கியிருந்தால் டாக்டர் உடனே சந்தேகிப்பது இதைத்தான். சீக்கிரம் கண்டால் குணமாகும்.

தினமும் வாக்கிங் முடிந்ததும் காது மடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். நீள ரோமத்தில் கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது. கண்டால் டுவீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். தடுப்புக்கு மெல்லும் மாத்திரையா, கழுத்தில் விடும் சொட்டு மருந்தா என்பதை எடையையும் வயதையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் விரிசலில், கட்டில் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டை விட்டுவிட்டால் கதை முடியாது.

வெயில், நடை, மூக்கு

கோடையில் வாக்கிங் விடிகாலை 6 மணிக்குள், மாலையில் தரை சூடு தணிந்த பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. நாயின் இயல்பு உடல்சூடு 38-லிருந்து 39 டிகிரி சொச்சம் செல்சியஸ். அது 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் நூலாக வழிந்து, தள்ளாடினால் உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, டாக்டரிடம் கொண்டுபோங்கள். குளிர்விப்பது முதலில், வண்டி பிடிப்பது அடுத்து.

குட்டிக்கு நீண்ட நடை வேண்டாம், மாடிப்படி ஏறி இறங்கும் பந்தயமும் வேண்டாம், மூட்டு இன்னும் இறுகவில்லை. வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிடம் என்று வழக்கில் இருக்கும் கணக்கைப் பின்பற்றலாம். வளர்ந்த பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தையும் "வா, வா" என்று இழுத்துக்கொண்டே நடந்தால் நடந்ததற்கே அர்த்தமில்லை. இது மூக்கால் வாழும் நாய். ஒவ்வொரு மரத்தடியிலும் முகரட்டும். வெயிலோ மழையோ வெளியே போக முடியாத நாளில் முட்டை அட்டையின் குழிகளில் தீனியைப் போட்டு மேலே கசக்கிய செய்தித்தாளைத் திணித்துக் கொடுங்கள். அல்லது வீட்டில் நான்கைந்து இடத்தில் கோழித்துண்டை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் மூக்கு வேலை செய்தால் அரை மணி நேரம் ஓடிய களைப்பு வரும். வாடையின் பின்னால் போனால் காது கேட்காது என்பதால், கூப்பிட்டால் வரும் பழக்கத்தை வீட்டுக்குள், பிறகு மொட்டை மாடியில், பிறகு நீளக் கயிற்றில் என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுங்கள். வந்ததும் ஒருபோதும் திட்டக் கூடாது, தாமதமாக வந்தாலும்.

வாலிப வயது

பால் பற்கள் 4-வது மாதத்தில் விழ ஆரம்பித்து 7-வது மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை நாற்காலிக் காலும் ரிமோட்டும் உங்கள் பொறுப்பு. அதற்கு அப்புறம் 6 மாதத்திலிருந்து ஒன்றேகால் வயது வரை, கற்றதையெல்லாம் மறந்தது போல நடந்துகொள்ளும். மறக்கவில்லை, சோதித்துப் பார்க்கிறது. பயிற்சியைத் தொடருங்கள், அவ்வளவுதான்.

காக்கரில் இந்த வயதில் தலைகாட்டும் ஒரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிடைத்த பொருளைக் காவல் காப்பது. கொடியிலிருந்து விழுந்த சாக்ஸைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீங்கள் குனிந்து கை நீட்டினால் உடல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய, பொருளின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பிறகு உறுமல். இந்த இடத்தில் "யாருக்கு அதிகாரம் என்று காட்டுகிறேன்" என்று பிடுங்கினால் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். மாற்றுக் கொடுங்கள்: சாக்ஸைவிடச் சுவையான ஒன்றைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அது எழுந்து வந்ததும் சாக்ஸை எடுங்கள். குட்டியாக இருக்கும்போதே தினமும் பொம்மையை வாங்கி, தின்பண்டம் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்து விளையாடினால், கொடுத்தால் லாபம் என்று அதற்குப் புரியும். சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுக் கலைக்காதீர்கள். கடந்து போகும்போது தட்டில் ஒரு துண்டு கோழியைப் போட்டுவிட்டுப் போங்கள். உறுமலை அடக்க அடிப்பது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதுதான். கடியில் முடிந்திருந்தால் தாமதிக்காமல் பயிற்சியாளரிடமும் டாக்டரிடமும் போங்கள். காது வலியாலும் கடிக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பெண் குட்டி 6 முதல் 12 மாதத்துக்குள் முதல்முறை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு வரும், மூன்று வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரமும் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். கருத்தடை செய்வதால் பின்னாளில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயம் நீங்குகிறது, மார்புக் கட்டிக்கான வாய்ப்பும் குறைகிறது. எந்த வயதில் என்பது மூட்டு வளர்ச்சியையும் பார்த்து டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. செய்தபின் கலோரித் தேவை குறைந்துவிடும். அதே அளவு போட்டால் ஆறே மாதத்தில் உருண்டுவிடும்.

ஒரு வயதுக்கு மேல்

12 முதல் 14 மாதத்துக்குள் உடம்பு முழு வளர்ச்சி அடையும், மனசு அடைய இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். பெரிய நாய் உணவுக்கு மெல்ல மாறுங்கள். மனிதப் பற்பசையை விட்டுவிட்டு நாய்ப் பற்பசையால் பல் தேய்ப்பது, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது, வருடத்துக்கு ஒருமுறை ஊசியோடு ரத்தப் பரிசோதனை. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்தால் குதச் சுரப்பி நிரம்பியிருக்கலாம், டாக்டர் பிழிந்துவிடுவார். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, எடை இறங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், இளம் நாயாக இருந்தாலும். ஈறு திடீரென்று வெளுத்து அல்லது மஞ்சளாகி, நாய் எழ முடியாமல் படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிவப்பணுக்களையே அழிக்கும் ரத்தசோகையாகவும் இருக்கலாம், காக்கருக்கு அது வரும் வாய்ப்பு மற்ற இனங்களைவிட அதிகம்.

கண்ணைக் கடைசியாக வைத்திருக்கிறேன், அவசரத்தில் முதலிடம் அதற்கு. கண்ணின் உள்மூலையில் சிவப்பாக ஒரு உருண்டை துருத்தினால் அது செர்ரி ஐ, மூன்றாம் இமையின் சுரப்பி வெளியே வந்திருக்கிறது. அதை வெட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள். கண்ணீரில் கணிசமான பங்கைத் தருவது அந்தச் சுரப்பிதான், எடுத்துவிட்டால் கண் வறண்டுபோகும். உள்ளே தள்ளித் தைப்பதே முறை. கண்ணில் கெட்டியான பீளை தினமும் ஒட்டினால் கண்ணீர் சுரக்கும் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். சின்னக் காகிதப் பட்டை ஒன்றை இமையில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கும் சோதனை அது. இருட்டில் படியிறங்கத் தயங்கினால் விழித்திரையைப் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஓரிரு நாள் அவகாசம் உண்டு. ஒரு கண் மட்டும் சிவந்து, கருவிழி நீலம் பாய்ந்தது போல மங்கி, வலியில் மூடிக்கொண்டு, நாய் ஓரமாக ஒதுங்கினால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஓரிரு நாளில் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், இரவு என்றாலும் அன்றே கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இப்போதே விசாரித்து எண்ணை ஃபோனில் போட்டு வையுங்கள்.